களரியிலிருந்து மேடைக்கு: மட்டக்களப்புக் கூத்தும் பல்கலைக்கழக அரங்கும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், செங்கலடியைக் கடந்ததும் வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி, முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி, கிரான் என ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. வயலும் நீர்நிலையும் சூழ்ந்த இவ்வூர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூத்தைப் பேணிவந்தவை. இவ்வரிசையில் வந்தாறுமூலையிலே இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அங்கு நுண்கலைத்துறையில் கூத்து ஒரு கல்விப்பொருளாகும். கிரானிலே கோயில் வெளியில் மத்தள ஒலி கேட்டு வளர்ந்த பிள்ளை, சில மைல் தெற்கே வந்து அதே மத்தளத்தைப் பற்றிப் பரீட்சை எழுதும் நிலை உருவாகியிருக்கின்றது. ஊர்க் களரியில் ஆடப்பட்ட இவ்வாடல்பாடல் நாடகம் பல்கலைக்கழக மேடைக்கு எவ்வாறு வந்தது, வந்தபோது எதைப் பெற்றது, எதை இழந்தது, அதனால் யார் யாருக்குக் கடன்பட்டனர் என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஊர்க் கூத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். ஆடல்முறை, பாடல்முறை, உடை, தாளக்கட்டு ஆகியவற்றில் இவை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவன. கூத்தைப் பழக்குபவர் அண்ணாவியார். அவரே மத்தளம் வாசிப்பவர், பாட்டுக் கற்பிப்பவர், ஆட்டத்தைத் திருத்துபவர். இக்காலச் சொல்லிற் கூறுவதாயின் நெறியாளரும் இசையமைப்பாளரும் நடன ஆசிரியரும் அவரே. ஊர்ப் பெரியோர் கூடிக் கூத்தொன்றைத் தெரிந்தபின், ஆடவிருப்போருக்குரிய பாட்டுக்களை ஏட்டிலிருந்து எழுதிக் கொடுப்பர். இது ‘சட்டம் கொடுத்தல்’ எனப்படும். பாத்திரத் தெரிவிற் குரலும் தோற்றமும் மட்டுமன்றி ஊரிலுள்ள அந்தஸ்தும் இடம்பெற்றதுண்டு. பின்னர் இரவுதோறும் பழக்கம் நிகழும். கால் தாளத்துக்குப் பழகியதும் ‘சதங்கை அணிதல்’, முழுக்கூத்தையும் ஒருமுறை ஆடிப்பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’, அதன்பின் அரங்கேற்றம் எனப் பல மாதங்கள் செல்லும். அரங்கேற்றம் முடிந்தபின் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கமும் உண்டு. ஆகவே கூத்து என்பது ஓர் இரவு நிகழ்ச்சி மாத்திரமன்று. அறுவடை முடிந்த ஊரொன்று தன்னைத் தானே ஒழுங்கமைத்துக்கொள்ளும் ஒரு கால நிகழ்வாகும்.

களரி வட்டமானது. சபையோர் நாற்புறமும் சூழ்ந்திருப்பர். அண்ணாவியாரும் சல்லரி தட்டுவோரும் பிற்பாட்டுக்காரரும் களரியினுள்ளேயே நிற்பர். ஆடுவோர் அவர்களைச் சுற்றி வட்டமாக ஆடிவருவர். பொழுது சாய்ந்தபின் தொடங்குங் கூத்து விடியும்வரை நிகழும். இவ்வமைப்பில் பார்ப்போரும் ஆடுவோரும் ஒரே ஊரவர். களரியில் தருமராக நிற்பவர் மறுநாள் வயலிலே வேலைசெய்பவர் என்பதைச் சபையிலுள்ள சிறுவனும் அறிவான்.

இவ்வடிவம் நெடுங்காலம் கற்றோரின் கவனத்துக்கு வெளியிலேயே இருந்தது. கிழக்கிலங்கையிலே பிறந்து, 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பதவியேற்ற சுவாமி விபுலானந்தர், 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடகவியல் நூலை வெளியிட்டவர். அந்நூலின் நாட்டம் சேக்சுபியரிடமும் பண்டை நாடக இலக்கணத்திடமுமே சென்றது. அவருக்குப்பின் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை பல்கலைக்கழக மாணாக்கருக்கென நாடகங்களை எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை மேடையில் ஏற்றியமை அவரது பெருஞ் சாதனையாகும். ஆயினும் அவை உரையாடலை முதன்மையாகக் கொண்டவை. ஆடலும் பாடலும் ஒன்றிய நாட்டார் அரங்கு அப்பொழுதும் பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு வெளியிலேயே நின்றது எனலாம்.

இந்நிலை மாறுவதற்கு உந்துதல் அளித்தது ஒரு சிங்கள நாடகமாகும். 1956ஆம் ஆண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, பல்கலைக்கழக மாணாக்கரைக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்களக் கிராமங்களில் அருகிவந்த ‘நாடகம’ என்னும் வடிவத்தை ஆராய்ந்து, மரபறிந்த குரு ஒருவரின் துணையுடன் அதனை நவீன மேடைக்கேற்பச் செப்பனிட்டமையே அவரது முயற்சியின் சிறப்பு. சிங்கள மக்கள் அதனைத் தமது தேசிய அரங்காகவே கொண்டாடினர். 1961இல் அவர் தயாரித்த ‘சிங்கபாகு’ அப்புகழை நிலைநிறுத்திற்று. இங்கு ஒரு வரலாற்று முரணை நோக்குதல் தகும். சிங்கள ‘நாடகம’ தமிழ்க் கூத்து மரபிலிருந்து கிளைத்தது என்பது ஆய்வாளர் ஒப்புக்கொண்ட செய்தி. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே 1956ஆம் ஆண்டில், தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவமொன்று சிங்களத் தேசிய அரங்காக முடிசூட்டப்பட்டது. அதன் மூல வடிவமோ மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கற்றோரால் கவனிக்கப்படாமற் கிடந்தது.

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஆவர். பேராதனையில் தமிழ் விரிவுரையாளராகவிருந்த அவர், இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்றபின் ஊர் ஊராகச் சென்று கூத்துக்களைப் பார்த்தார், அண்ணாவிமாரைக் கௌரவித்தார், பாடசாலைகளிற் கூத்து ஆடப்படுவதை ஊக்குவித்தார். மட்டக்களப்புத் தென்மோடிக் கூத்தாகிய ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962இல் அவரது பதிப்பாக அச்சேறியது. ஏட்டிலும் கையெழுத்துப் பிரதியிலும் இருந்த கூத்து நூல் கற்றோர் கையில் நூலாகத் தவழ்ந்தது இவ்வாறேயாம்.

அதே 1962ஆம் ஆண்டில் ‘கர்ணன் போர்’ என்னும் வடமோடிக் கூத்து பேராதனை மாணாக்கரால் ஆடப்பட்டது. மாணாக்கருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். கர்ணனாக ஆடியவர் மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த சி. மௌனகுரு. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் மாணவராயிருந்த காலத்திலேயே ‘பாசுபதாஸ்திரம்’ கூத்தில் ஆடிப் பழகியவர் அவர். எனவே பேராதனை மேடையில் நிகழ்ந்த அப்புதுமையின் உடலும் குரலும் தாளமும் மட்டக்களப்பு ஊர்களிலிருந்தே சென்றன. பல்கலைக்கழகம் அளித்தது மேடையும் ஒழுங்கும் கற்றோர் சபையுமாகும். 1963இல் தென்மோடியிலமைந்த ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, அப்பத்தாண்டின் பிற்பகுதியில் ‘வாலிவதை’ என இம்முயற்சி தொடர்ந்தது.

களரி மேடையானபோது நிகழ்ந்த மாற்றங்கள் பல. விடிய விடிய நிகழ்ந்த கூத்து இரண்டு மணித்தியாலத்துக்கு உட்பட்டதாகச் சுருக்கப்பட்டது. நாற்புறமும் இருந்த சபை ஒருபுறத்துக்கு வந்தது. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் களரியின் நடுவிலிருந்து மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தனர். வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி முதலிய ஆட்டக்கோலங்கள் பாத்திரத்தின் உணர்ச்சிக்கும் சூழ்நிலைக்கும் பொருந்துமாறு தெரிந்தெடுக்கப்பட்டன. பாரமான உடைகள் இலகுவாக்கப்பட்டன, ஒளியமைப்பு சேர்க்கப்பட்டது, சொற்கள் சபைக்குத் தெளிவாகக் கேட்கும்வண்ணம் பாடல் சீர்செய்யப்பட்டது. ஊர்க் களரியில் ஆண்களே பெண் வேடம் புனைந்தனர். பெண்கள் மேடையேறும் வாய்ப்பைப் பல்கலைக்கழக அரங்கு காலப்போக்கில் விரிவாக்கிற்று.

இவற்றுள் ‘இராவணேசன்’ தனித்து நோக்கத்தக்கது. ‘கர்ணன் போர்’ ஊரில் வழங்கிய கூத்தின் சுருக்கமாகும். ‘இராவணேசன்’ அவ்வாறன்றி, மாணவராகவிருந்த மௌனகுருவால் இம்மேடைக்கெனவே எழுதப்பட்டது. இராவணன் வெறுமனே வதைக்கப்படவேண்டிய அரக்கனாகவன்றி, தன் வீழ்ச்சியை எதிர்நோக்கி நிற்கும் மாந்தனாக அதிற் காட்டப்பட்டான். கிரேக்கத் துன்பியலைக் கற்ற மாணாக்கரும் கம்பனைக் கற்ற மாணாக்கரும் ஒரே பாத்திரத்தில் தத்தம் கல்வியைக் கண்டனர். போருக்குச் செல்லும் ஒருவனின் வீரத்தையும் தளர்ச்சியையும் உரையாடலின் துணையின்றித் தாளத்தின் வேகத்தாலும் தாழ்வாலுமே உணர்த்தமுடியும் என்பதை இந்நாடகம் நிறுவிற்று. கூத்து பழங்கதையைத் திரும்பச் சொல்வதற்கு மட்டுமே உரிய வடிவம் என்ற எண்ணம் இதனால் தகர்ந்தது.

இம்முயற்சி விமரிசனத்துக்குத் தப்பவில்லை. ஓரிரவுக் கூத்தைச் சுருக்கியமை அதன் உயிரைச் சுருக்கியமையாகும் என்றனர் ஒருசாரார். இக்கூற்றை முற்றாகத் தள்ளுதல் இயலாது. ஊர்க் கூத்தில் ஒரே தரு மீண்டும் மீண்டும் பாடப்படுவது கதையை நகர்த்துவதற்காக அன்று. ஆடுபவனின் உறவினர் அவனது ஆட்டத்தைக் கண்குளிரக் காண்பதற்கும், நித்திரையால் விழித்தவர் கதையைத் தொடர்வதற்கும் அது இடமளித்தது. நகரச் சபைக்கு இத்தேவைகள் இல்லை. ஆதலின் மேடையிற் கூத்து கலையாகச் செறிவடைந்தது. சமூக நிகழ்வாக மெலிந்தது. இரண்டும் ஒரே மாற்றத்தின் இரு பக்கங்களே.

இதனினும் ஆழமான வினா உரிமை பற்றியது. ஊரில் ஒரு கூத்து அண்ணாவியாரின் பெயராலேயே அறியப்பட்டது. பல்கலைக்கழக மேடையில் அது தயாரிப்பாளரின் பெயரைப் பெற்றது. நாடக வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் பேராசிரியரின் பெயரையும் பிரதான நடிகரின் பெயரையும் எளிதிற் காண்பர். ஆட்டம் பழக்கிய அண்ணாவியாரின் பெயரைத் தேடிக் காணவேண்டியிருக்கும். இதனால் பேராசிரியர் வித்தியானந்தனின் பணி சிறுமையுறாது. அண்ணாவிமாரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திய முதற் கல்விமான் அவரேயாவர். எனினும் மேடையின் ஓரத்துக்கு நகர்த்தப்பட்ட அண்ணாவியார் வரலாற்றின் ஓரத்துக்கும் நகர்ந்தார் என்பது மறுக்கவியலாத உண்மையாகும்.

பேராதனைக்குச் சென்ற கூத்து பின்னர் தன் மண்ணுக்கே திரும்பியது. 1981ஆம் ஆண்டு மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் தொடங்கப்பட்டு, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் மௌனகுரு கூத்தாடிய அதே வளவு பல்கலைக்கழகமானமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1982இல் மட்டக்களப்பிலே தொடங்கப்பட்ட விபுலானந்த இசை நடனக் கல்லூரியும் பிற்காலத்தில் இப்பல்கலைக்கழகத்துடன் இணைந்து, சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்தது.

ஆயின் இத்திரும்புதல் அமைதியான காலத்தில் நிகழவில்லை. 1990ஆம் ஆண்டு யுத்தம் மூண்டபோது சுற்றயல் ஊர் மக்கள் வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி அங்கிருந்து படையினரால் அழைத்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. களரிக்கு ஆடுவோரையும் சபையையும் தந்த ஊர்களே அம்மக்களையும் இழந்தன. தொண்ணூறுகளில் பேராசிரியர் மௌனகுருவின் வழிகாட்டலில் நுண்கலைத்துறை அவ்வளாகத்தில் நாடகமும் கூத்தும் கற்பிக்க முற்பட்டபோது, அப்பணி இழப்புற்ற ஊர்களின் நடுவிலேயே நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது. பிற்காலத்தில் ‘இராவணேசன்’ மட்டக்களப்பு மாணாக்கரைக் கொண்டு மீண்டும் மேடையேறியது. யுத்தத்துக்குப் பிள்ளைகளைக் கொடுத்த ஒரு சபையின்முன், போர்க்களத்துக்குச் செல்லும் மைந்தர்களின் கதையைப் பாடுவது 1964இற் பேராதனையில் பாடியதை ஒத்ததாக இருந்திருக்க முடியாது.

இதே பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொரு சிந்தனையும் பிறந்தது. விரிவுரையாளர் சி. ஜெயசங்கரும் அவரோடிணைந்தோரும் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மட்டக்களப்புச் சீலாமுனைக் கிராமத்தில் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்னும் செயற்பாட்டை மேற்கொண்டனர். கூத்தை மேடைக்கு எடுத்துச் செல்லாது, களரியிலேயே வைத்து, ஊரவருடனும் அண்ணாவியாருடனும் கலந்துரையாடி, சாதி பற்றியும் பெண் பற்றியும் கூத்துப் பனுவல்களில் உள்ள கருத்துக்களை மாற்றியமைத்தலே அதன் நோக்கமாகும். பேராதனை முயற்சி கூத்தின் வடிவத்தைத் திருத்தி நகருக்கு அளித்தது. சீலாமுனை முயற்சி கூத்தின் பொருளைத் திருத்தும் உரிமையை ஊருக்கே விட்டது. இவ்விரு நெறிகளுக்கும் இடையிலான விவாதம் இன்றும் தொடர்கின்றது. இவற்றுள் ஒன்றே சரியென முடிவுசெய்தல் அவசரமாகும். முதலாவது நிகழாதிருந்தால் கூத்து பல்கலைக்கழகப் பாடமாகியிராது. பாடமாகியிராவிடின் இரண்டாவது வினாவை எழுப்பும் ஆய்வாளரும் தோன்றியிரார்.

ஆதலால் இவ்வரலாற்றைப் பல்கலைக்கழகம் நாட்டாருக்கு அளித்த கொடையின் வரலாறாக எழுதுதல் பொருந்தாது. வந்தாறுமூலையிலிருந்து மத்தளமும் ஆட்டமும் பேராதனைக்குச் சென்றன; கற்றோரின் மதிப்பைப் பெற்று, ஒரு துறையாக, வந்தாறுமூலைக்கே மீண்டன. இடையில் பெற்றது கடன். அக்கடனைத் தீர்க்கும் வழிகள் கடினமானவையல்ல. ஒவ்வொரு தயாரிப்பின் நிகழ்ச்சி நிரலிலும் ஆட்டம் பழக்கிய அண்ணாவியாரின் பெயர் தயாரிப்பாளரின் பெயருக்கு நிகராக அச்சிடப்படவேண்டும். அண்ணாவியார் விருந்தினராக ஒருநாள் வந்து செல்லாது, ஆசிரியராக வகுப்பிலே நிற்கவேண்டும். மாணாக்கர் தாம் மேடையேற்றிய கூத்தை ஒருமுறையாவது கிரானிலோ சந்திவெளியிலோ சித்தாண்டியிலோ, நாற்புறமும் சனம் சூழ்ந்த களரியில், விடியும்வரை ஆடிப்பார்க்கவேண்டும். அங்கே கால் பிழைத்தால், எந்தப் பரீட்சகருக்கும் முன்பாக, சபையிலிருக்கும் முதியவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.