தன்மையணியும் கட்டுரை வகுப்பும்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். குறிப்புகளை வினாத்தாளே தந்துவிடுகிறது. முன்னுரை முதல் முடிவுரை வரை மனப்பாடம் செய்ததை இறக்கிவைத்தால் மதிப்பெண் வந்துவிடும், எழுத்து வராது.

காஞ்சிபுரத்தில் இதைப் பேசும்போது தண்டி நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். பல்லவர் காலக் காஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் இவருடைய வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவியே தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. அதன் பொருளணியியல் கூறும் 35 அணிகளில் முதலில் நிற்பது உவமையும் அன்று, உருவகமும் அன்று, தன்மையணி. உள்ளதை உள்ளபடி சொல்வது. பொருள், குணம், சாதி, தொழில் என அதற்கு நான்கு வகை. எழுதக் கற்பிப்பதற்கு இதைவிட நல்ல வரிசை வேண்டுமா?

தன்மையணி இன்றைய பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் உண்டு. ஆனால் இலக்கணப் பகுதியோடு சரி. கட்டுரை வகுப்புக்குள் அது நுழைவதே இல்லை.

காஞ்சியின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டு மாணவிக்குக் 'கைத்தொழிலின் சிறப்பு' என்று தலைப்புக் கொடுத்தால் கையேட்டு வாசகங்களே வரும். 'உங்கள் வீட்டுத் தறியில் கோர்வை எப்படிச் சேர்கிறது?' என்று கேட்க வேண்டும். சேலையின் உடலுக்கு ஒரு நிறம், இருபுறக் கரைக்கு வேறு நிறம். அதனால் மூன்று நாடா. நெசவாளர் ஒருவரால் மட்டும் ஆகாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளத் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும் இடத்தில் கவனம் தப்பினால் கரை பிடிக்காது. மேற்கோள் எதுவுமின்றி, வரிசை பிசகாமல் இதை எழுதினால் அதுவே தொழில் தன்மை. அவளுக்கு இதில் தெரியாத சொல்லே இல்லை. தறியை அறியாத ஆசிரியருக்குப் புரியும்படி எழுதுவதுதான் பயிற்சி.

யாருக்காக எழுதுகிறோம் என்ற உணர்வுக்கும் ஊரிலேயே சான்று இருக்கிறது. இங்கே பிறந்து, இங்குள்ள பச்சையப்பன் பள்ளியில் படித்த அண்ணா, 1942இல் காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். கனமான அரசியலைக்கூடப் பின்னாளில் 'தம்பி'க்கு எழுதும் கடிதமாக்கினார். முகவரியையும் விளித்தலையும் மட்டுமே திருத்தும் கடித வகுப்பில் அந்தக் கடிதங்களில் ஒன்றையாவது வாசித்துக் காட்டலாம்.

1974இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய ஓர் ஆசிரியர் இயக்கம், எழுத்தைக் கற்பிப்பவர் தாமும் எழுத வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தது. நம் தமிழாசிரியர்களும் தங்கள் முதல் படியைக் கரும்பலகையில் எழுதி, மாணவர் கண்ணெதிரே அடித்துத் திருத்திக் காட்ட வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் 'தேன்சிட்டு' இதழ் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கானது. அதில் எழுதிப் பழகிய கை பத்தாம் வகுப்பில் கட்டப்பட்டுவிடக் கூடாது. வாரம் ஒரு பாடவேளையையாவது மதிப்பெண் போடாத எழுத்துக்குத் தலைமையாசிரியர்கள் ஒதுக்கித் தர வேண்டும்.