பரீட்சையும் ஆய்வேடும் இல்லாத முதுமாணிப் பட்டம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

1841ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் திகதி பேர்லினிலிருந்து யெனாப் பல்கலைக்கழகத்திற்கு ஓர் ஆய்வேடு அனுப்பப்பட்டது. டெமோக்கிரிட்டஸ், எபிக்கூரஸ் ஆகிய இரு கிரேக்கச் சிந்தனையாளரின் இயற்கைத் தத்துவங்களிடையே காணப்படும் வேறுபாடு அதன் பொருள். அதனை எழுதிய இருபத்திரண்டு வயது இளைஞர் யெனாவில் ஒருநாளேனும் மாணவராக இருந்தவரல்லர். வாய்மொழிப் பரீட்சைக்கு அங்கு சென்றவருமல்லர். ஆயினும் ஏப்பிரல் 15ஆம் திகதியே அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கப்பட்டுவிட்டது. அவ்விளைஞர் கார்ல் மார்க்ஸ்.

நேரில் வராதோருக்குப் பட்டம் வழங்கும் இவ்வழக்கத்தை வரலாற்றறிஞர் தியோடோர் மொம்சன் 1876இல் கடுமையாகக் கண்டித்தார்; அவ்வாறு பட்டம் பெற்றோரைப் போலிக் கலாநிதிகள் என்றார். வழக்கத்தைப் பொறுத்தவரை அவரது கண்டனம் நியாயமானதே. ஆனால், அவரது அளவுகோலை அப்படியே பிரயோகிப்பின் மார்க்சும் போலிக் கலாநிதியாகிவிடுவார். மார்க்சின் கல்விக் கடுமை யெனாவின் பட்டச் சான்றிதழில் இல்லை. பொன்னிலும் பேர்லினிலும் கற்ற ஆண்டுகளிலும், எபிக்கூரஸ் பற்றி அவர் எழுதிக் குவித்த குறிப்பேடுகளிலும் உள்ளது. பட்டத்தின் வடிவமும் அதன்பின் உள்ள உழைப்பும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஆய்வேடோ இறுதிப் பரீட்சையோ இன்றி, ஒப்படைகளையும் செயற்றிட்டங்களையும் மட்டும் கொண்டு இணையவழி வழங்கப்படும் முதுமாணிப் பட்டங்கள் கல்விக் கடுமை உடையனவா என்ற வினா இன்று பரவலாக எழுப்பப்படுகின்றது. வினாவை எழுப்புவோரிற் பலர் பரீட்சையும் ஆய்வேடும் பல்கலைக்கழகத்தோடு கூடப்பிறந்தவை எனக் கருதுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

மத்தியகால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மாணவன் பட்டம் பெற்றது வாதத்தின் மூலமேயாகும். எழுத்துப் பரீட்சை பதினெட்டாம் நூற்றாண்டிற் கேம்பிரிட்ஜின் கணிதத் துறையில் வலுப்பெற்றது. ஒக்ஸ்போட் 1800இலேயே தனது பரீட்சை விதிகளைச் சீர்திருத்திற்று. 1854இல் இந்திய சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை விதந்துரைக்கப்பட்டபோது பரீட்சையின் சமூகப் பணி தெளிவாயிற்று. பேரரசின் அலுவலகங்களுக்கு வேண்டிய ஆட்களை, பிரபுக்களின் சிபாரிசைத் தவிர்த்து, மத்தியதர வர்க்கத்திலிருந்து தெரிந்தெடுக்கும் கருவி அது. வேடிக்கை யாதெனில், பரீட்சையை வளர்த்தெடுத்த இவ்விரு பல்கலைக்கழகங்களுமே தம் கலைமாணிகளுக்குச் சில ஆண்டுகள் கழிந்ததும், மேலதிகப் படிப்போ பரீட்சையோ இன்றி, முதுமாணிப் பட்டத்தை இன்றும் வழங்கிவருகின்றன. அவற்றின் கல்விக் கடுமையை எவரும் ஐயுறுவதாகத் தெரியவில்லை.

இலண்டன் பல்கலைக்கழகத்தின் கதை நமக்கு நெருக்கமானது. 1836இற் பரீட்சை நடத்தும் அமைப்பாக அது தோன்றிற்று. 1858ஆம் ஆண்டுச் சாசனத்தின் பின், மருத்துவம் நீங்கலான துறைகளில், எந்தக் கல்லூரியிலும் கற்காதவரும் அதன் பரீட்சைக்குத் தோற்றலாம் என்றாயிற்று. 1878இற் பெண்களுக்கும் அதன் பட்டங்கள் திறந்துவிடப்பட்டன. பழைய பல்கலைக்கழகங்கள் வாயில் அடைத்திருந்த பலருக்கு இது பெரும் பேறாகும். 1857இல் இலண்டனை மாதிரியாகக் கொண்டு அமைந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவர்களுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னர் பழந்தமிழ் நூற்பதிப்பின் முன்னோடியானார். சுவாமி விபுலாநந்தர் 1920இல் இலண்டன் விஞ்ஞானமாணிப் பரீட்சையிற் சித்தியெய்தினார். முதுமாணி ஆய்வேடோ கலாநிதி ஆய்வேடோ எழுதாத அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அந்நூல் எந்த ஆய்வேட்டிற்கும் குறைந்ததன்று.

ஆயினும் இலண்டன் முறையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 1921இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இற் பல்கலைக்கழகமாகும்வரை, இலண்டனின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே மாணவரைத் தயார்செய்தது. வினாத்தாள் இலண்டனில் ஆக்கப்பட்டது. கற்பிப்பவனுக்கும் மதிப்பிடுபவனுக்கும் உறவில்லை. மாணவனின் தவறு எங்கே என்று அவனுக்குச் சொல்வாருமில்லை. கற்பித்தல் இன்றிப் பரீட்சை மட்டும் நடத்தப்பட்டபோது மனனமும் வழிகாட்டி நூல்களும் பெருகியதில் வியப்பில்லை. தனிப் பல்கலைக்கழகம் வேண்டி 1906இலிருந்து பொன்னம்பலம் அருணாசலம் முதலானோர் நடத்திய இயக்கத்திற்கு இக்குறைபாடும் ஒரு காரணமாகும். பரீட்சை மண்டபத்தின் கெடுபிடியைக் கல்விக் கடுமையெனக் கொள்வோர் இவ்வனுபவத்தை மறந்துவிடுகின்றனர்.

ஆய்வேட்டின் வரலாறு இதனினும் குறுகியது. இன்று நாம் அறியும் ஆராய்ச்சிப் பட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியின் ஆக்கம். 1810இல் உருவான பேர்லின் பல்கலைக்கழகம் அதன் முன்மாதிரி. ஒக்ஸ்போட் அத்தகைய கலாநிதிப் பட்டத்தை ஏற்படுத்தியது 1917இலேயே. அதுவும், அதுவரை ஜேர்மனிக்குச் சென்ற அமெரிக்க மாணவரைத் தன்பால் ஈர்க்கும் நோக்குடன். ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவன் என்ற முறையில் அதன் பயனை நான் மறுப்பதற்கில்லை. ஆனால், பயன் எங்கிருந்து வந்தது? கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் ஆய்வு செய்தனர். கிரேக்க இலக்கியத்தைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த ஒரு மார்க்சிய அறிஞர் அவர்களின் எழுத்தை வாசித்தார், வினவினார் என்பதே அங்கு முக்கியமானது. வாசிப்பார் இல்லாத ஆய்வேடும் உண்டு. பல மாதங்கள் அலுமாரியிற் கிடந்த முதுமாணி ஆய்வேடொன்றை, கூட்டத்திற்கு முந்திய மாலையில் முன்னுரையும் முடிவுரையும் மட்டும் பார்த்துத் தேர்வாளர் ஒருவர் சித்தியடையச் செய்ததை நான் அறிவேன்.

ஆகவே கல்விக் கடுமையை நிர்ணயிப்பது மாணவனின் எழுத்தின்மீது தகுதியுள்ள ஆசிரியர் ஒருவர் செலவிடும் உழைப்பு நேரம் என்பதே என் கருத்து. பரீட்சை, ஆய்வேடு, ஒப்படை ஆகியன அவ்வுழைப்பு நிகழும் வடிவங்கள் மாத்திரமே. இணையவழிப் பட்டங்களை ஆராயும்போது அவ்வுழைப்பிற்கு அங்கு என்ன நேர்ந்துள்ளது என்றே கேட்டல் வேண்டும்.

2008இல் அமெரிக்காவிற் தொடங்கப்பட்ட டூயூ என்னும் நிறுவனம் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பெயரில் இணையவழி முதுமாணி நெறிகளை விளம்பரப்படுத்தி நடத்தியது. இத்தகைய ஒப்பந்தங்களில் மாணவர் கட்டணத்தின் பாதியோ அதனினும் கூடுதலோ நிறுவனத்திற்குச் சேர்வது வழக்கம். பட்டப்பின் மாணவர் கல்விச் செலவு முழுவதையும் அரச கடனாகப் பெறலாமென 2006இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இச்சந்தைக்கு உரமாயிற்று. கட்டணத்திற் பெரும்பங்கு விளம்பரத்திற்கும் ஆட்சேர்ப்பிற்கும் செல்லுமாயின் வாசிப்பவருக்கு எஞ்சுவது என்ன? ஒப்பந்த அடிப்படையிலான பகுதிநேர விரிவுரையாளருக்கு ஒப்படைக் குவியலைப் புரட்டவும் நேரமிராது. இங்கு பட்டத்தின் பரிவர்த்தனைப் பெறுமதி அதன் பயன்பாட்டுப் பெறுமதியை விழுங்கிவிடுகின்றது. 2024 யூலையில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரிற்று. மாணவர் பட்ட கடனோ அவர்களிடமே இருந்தது.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவனம் 2014 ஜனவரியில் தொடங்கிய இணையவழிக் கணினி விஞ்ஞான முதுமாணிநெறி ஏறத்தாழ 7,000 டொலருடன் முடிக்கத்தக்கது. ஆய்வேடு கட்டாயமில்லை. தொழில் செய்துகொண்டே கற்கும் பல்லாயிரவருக்கு அது வாய்ப்பளித்துள்ளது. பாடங்கள் இலகுவானவை என்று அதன் மாணவர் எவரும் சொல்லக் கேட்டதில்லை. நிரலொன்று இயங்குகின்றதா இல்லையா என்பதை இயந்திரமே சோதித்துவிடும் துறை அது என்பதும் நினைவிற்குரியது. ஆனால் அங்கும் 2016இல், ஒரு பாடத்தின் மாணவர் கேள்விகளுக்கு உதவி விரிவுரையாளருடன் சேர்ந்து கணினி நிரலொன்று பதிலளித்தது. தம்முடன் உரையாடியது இயந்திரம் என்பதை மாணவர் பருவ முடிவிலேயே அறிந்தனர். 2022இன் இறுதியிலிருந்து ஒப்படையை எழுதவும் இயந்திரம் வந்துவிட்டது. எழுதுவதும் இயந்திரம், திருத்துவதும் இயந்திரம் எனின், இடையில் மாணவனும் ஆசிரியனும் கட்டணப் பற்றுச்சீட்டில் மட்டுமே சந்திப்பர்.

இலங்கையிலும் இவ்வினா புறத்தே நிற்பதன்று. நமது தேசியத் தகைமைச் சட்டகம் பாடநெறியால் மட்டும் பெறப்படும் முதுமாணியை ஒன்பதாம் மட்டத்திலும், ஆய்வுக் கூறுடைய முதுமாணியைப் பத்தாம் மட்டத்திலும் வைத்துள்ளது. முன்னதற்கு 30 திறமைப்புள்ளிகள், பின்னதற்கு 60. வேறுபாடு நேர்மையாகக் கூறப்பட்டுள்ளது; அது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு விரிவுரையாளர் எத்தனை மாணவரின் எழுத்தை வாசிக்கலாம் என்ற எண்ணிக்கையை அம்மட்டங்கள் குறிப்பதில்லை. வார இறுதி வகுப்பிற் சேரும் ஆசிரியையும் எழுதுவினைஞரும் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே. சனிக்கிழமைக் காலை நூறு பேரை ஒரு மண்டபத்தில் இருத்தி, அவர்தம் கட்டணத்தால் பீடத்தின் பற்றாக்குறையை நிரப்பும் நெறியில், ஆய்வேடு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, அதனை வாசிக்க ஆளிராது.