காலுக்குத் தெரிந்த சரித்திரம்

சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் என் பேரனுடன் விருதுநகர் பஜாரில் ஒரு ஷூக் கடைக்குப் போயிருந்தேன். பயலுக்குப் பதினைந்து வயது. டென்னிஸ் ஆடக் கற்றுக்கொண்டிருக்கிறான். அதற்கென்றே செய்த ஷூ வேண்டும் என்று ஒரு வாரமாக வீட்டில் சத்தியாக்கிரகம். கடைக்காரர் நாலைந்து அட்டைப் பெட்டிகளைப் பிரித்து வைத்தார். பேரன் ஒன்றை எடுத்தான், நிறத்தைப் பார்த்தான், காலில் மாட்டினான், "சரியா இருக்கு தாத்தா, பணத்தைக் கொடுங்க" என்றான். எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"எழுந்து நில்லுடா. விரலுக்கு முன்னால எவ்வளவு இடம் இருக்குன்னு பார்ப்போம். அப்புறம் கடைக்குள்ளேயே பக்கவாட்டில நாலு தடவை இப்படியும் அப்படியும் ஓடு" என்றேன்.

பேரன் வெட்கத்தோடு சுற்றுமுற்றும் பார்த்தான். கடைக்காரர் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி சொல்றது நியாயம் தம்பி. வீட்டுக்குப் போயிக் கடிச்சா நான் திரும்ப வாங்க மாட்டேன்" என்றார்.

கடி என்ற சொல்லைக் கேட்டதும் என் மனம் 1961-ஆம் வருஷத்துக்குப் போய்விட்டது.

அந்த வருஷம் ஜூலை மாதத்தில் எங்கள் டிரில் வாத்தியார் பத்திரிகையும் கையுமாக மைதானத்துக்கு வந்தார். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், விம்பிள்டனில் ராய் எமர்சனை நேர் செட்டுகளில் தோற்கடித்து, தொடர்ந்து இரண்டாவது வருஷமாக அரை இறுதிக்கு வந்துவிட்டார் என்ற செய்தியை உரக்கப் படித்தார். எங்களில் ஒருவனும் அதுவரை டென்னிஸ் மட்டையைத் தொட்டவனில்லை. ஆனாலும் கை தட்டினோம். அந்த உற்சாகத்திலேயே, விளையாட்டு விழா அணிவகுப்புக்கு எல்லாரும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி வரவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

என் தகப்பனார் மறுநாளே ஒரு ஜோடி வாங்கி வந்தார். எந்தக் கம்பெனி என்று நினைவில்லை. என் பாதமோ முன்புறம் விசிறி போல விரிந்தது. ஜோடோ முன்புறம் படகு போலக் குவிந்தது. மூன்றாம் நாள் சுண்டுவிரலில் கொப்புளம்; ஐந்தாம் நாள் குதிகாலில் ரத்தம். "அப்பா, கடிக்குது" என்று அழுதேன். "கடிக்கத்தான் செய்யும். காலைப் பழக்கு" என்றார். ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த ஜோடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போமானால், அதன் சரித்திரம் ரப்பரிலிருந்து தொடங்குகிறது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர், கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தினால் ரப்பர் இரண்டுக்கும் தாங்கும் என்று கண்டார். பிறகு கித்தான் துணியையும் ரப்பர் அடியையும் ஒட்டி ஜோடு செய்யத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் அதற்கு 'பிளிம்சால்' என்று பெயர் வந்தது. துணியும் ரப்பரும் சேரும் இடத்தில் சுற்றிலும் ஓடும் பட்டை, கப்பலில் பாரம் ஏற்றும் எல்லையைக் காட்டும் பிளிம்சால் கோட்டை ஒத்திருந்தது. அதனால் அந்தப் பெயர் என்பார்கள்.

1874-இல் மேஜர் விங்ஃபீல்டு புல்தரை டென்னிஸுக்கு உரிமம் வாங்கினார். 1877-இல் விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தது. அதற்கான அறிவிப்பில் ஆட்டக்காரர்களுக்கு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, குதி உயர்த்தாத ஜோடு அணிந்து வரவேண்டும் என்பது. காலின் சுகத்தை எண்ணிச் சொன்னதல்ல. குதிக்கட்டை புல்தரையைக் குத்திக் கிழிக்கும் என்ற கவலைதான். ஆகவே டென்னிஸ் ஷூ என்பது முதன்முதலில் மனிதனின் காலுக்காகப் பிறக்கவில்லை, புல்லுக்காகப் பிறந்தது!

நம் நாட்டுக்கு அது வந்த கதையும் ருசியானது. 1930-களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து மலிவான ரப்பர் அடி ஜோடுகள் வந்து குவிந்தன. அதே காலத்தில் செக் நாட்டுப் பாட்டா கம்பெனி 1931-இல் இங்கே பதிவாகி, கல்கத்தாவுக்கு அருகில் கொன்னகரில் தொழிலைத் தொடங்கியது. 1934-இல் பாட்டாநகருக்கு அடிக்கல் நாட்டியது. 1936-இல் இந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் தேகப்பயிற்சி வகுப்புக்கென்று ஒரு வெள்ளைக் கான்வாஸ் ஷூவைச் செய்து, அதற்கு 'டென்னிஸ்' என்றே பெயர் வைத்தது. டென்னிஸ் மைதானத்தைக் கண்ணால் பார்த்திராத லட்சக்கணக்கான பிள்ளைகள் டென்னிஸ் ஷூ போட்டுக்கொண்டு டிரில் செய்தது இப்படித்தான்.

சரி, என் தகப்பனாரின் பிடிவாதத்துக்கு வருகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் நாடார்களுக்கு விதித்திருந்த தடைகளின் பட்டியல் நீளமானது. குடை பிடிக்கக் கூடாது. தங்க நகை அணியக் கூடாது. மாடி வீடு கட்டக் கூடாது. காலில் ஜோடு போடக் கூடாது. திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காடுகளிலிருந்து வடக்கே வந்து, விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் கடை வைத்தவர்களுக்கு அத்தனை தடைகள் இல்லை. ஆனால் கோயில் வாசல் திறக்கவில்லை. அந்தத் தகராறில் 1899-இல் சிவகாசி பற்றி எரிந்தது. அதற்குள்ளாகவே எங்கள் ஊரார் வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்தும், வியாபாரத்தில் மகமை பிடித்தும், 1885-இல் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. விருதுபட்டி என்ற பெயர் 1923-இல் விருதுநகர் ஆயிற்று.

பிடியரிசிப் பானையின் கதையை என் பாட்டி சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் என் தகப்பனார். மகன் காலில் வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கடித்தது எனக்கு, சுகம் அவருக்கு!

இந்தக் கதையெல்லாம் எனக்கு அந்த வயதிலேயே மனப்பாடம். அப்படியிருந்தும் கண்ணெதிரே நடந்த ஒன்று என் புத்தியில் ஏறவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் வகுப்பில் ஒரு தோழன் இருந்தான். மேற்கே மூன்று மைல் தள்ளி ஒரு கரிசல்காட்டுக் கிராமத்திலிருந்து நடந்து வருவான். சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்த அவன் அண்ணன் அவனுக்கும் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தான். பொங்கலுக்கு மறுநாள் அவன் ஊருக்கு நான் விருந்தாளியாகப் போனேன். அவன் என்னை எதிர்கொண்டு அழைத்துப் போக ஊர் எல்லை வரை வந்திருந்தான். பெரிய தெரு முனைக்கு வந்ததும் குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். தெரு முழுவதும் அப்படியே நடந்தான். நான் ஷூவோடுதான் நடந்தேன்.

"ஏண்டா கையில தூக்கிட்டு வர்றே?" என்று கேட்டேன்.

"கடிக்குதுடா" என்றான்.

எனக்கும் கடித்துக்கொண்டிருந்ததால் அதை அப்படியே நம்பிவிட்டேன். மறுவாரம் மைதானத்தில் அதே ஷூவோடு எங்களையெல்லாம் முந்திக்கொண்டு ஓடினான். அப்போதும் எனக்குச் சந்தேகம் தட்டவில்லை. தீண்டாமை எந்த வடிவிலும் செல்லாது என்று அரசியல் சட்டம் 1950-இலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில், தலித் மக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

படிப்பு முடிந்து அவன் சிவகாசிப் பக்கம் போய்விட்டான். நான் சென்னைக்குப் போய்விட்டேன். இருபது வருஷங்களுக்குப் பிறகு, ஒரு நாவலுக்காகப் பட்டாசு ஆலை ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தபோது அவனைத் தேடிப் போனேன். ஆலையில் போர்மேனாக இருந்தான். காதோரம் நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் அதேதான்.

தனித்தனியாக இடைவெளி விட்டுக் கட்டிய சிறு சிறு அறைகள். மருந்து அறைக்குப் போகும் வழியில் நின்று, "செருப்பைக் கழற்றிரு" என்றான். நான் அன்று போட்டிருந்தது ரப்பர் அடிக் கான்வாஸ் ஷூ. கொஞ்சம் படித்தவன் என்ற மிதப்பில், "ஆணி அடிச்ச பூட்ஸ்தானே ஆபத்து? இது ரப்பராச்சே?" என்றேன்.

நான் படித்திருந்ததும் பொய்யில்லை. 1875-இல் வந்த பிரிட்டிஷ் வெடிமருந்துச் சட்டம், ஆலைக்குள் நெருப்பும் தீக்குச்சியும் இரும்பும் எஃகும் மணலும் நுழையாமல் தடுக்கப் பையில்லாத உடையும் தகுந்த ஜோடும் வேண்டும் என்று விதித்தது. இரும்பு ஆணி கல்லில் உரசினால் பொறி பறக்கும். ஒரு பொறி போதும். இந்தியாவின் வெடிபொருள் சட்டம் 1884-இலும், அதன் கீழ் விரிவான விதிகள் 1940-இலும் வந்தன. அந்த யுத்த காலத்தில்தான் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்று, சிவகாசியில் பட்டாசுத் தொழில் தழைத்தது.

ஆனால் தோழனுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. "ரப்பர்ல பொறி பறக்காது, வாஸ்தவம். ஆனா நடக்க நடக்க உடம்புல மின்சாரம் ஏறும். ரப்பர் அதைத் தரைக்கு இறங்க விடாது. நீ போயி மருந்தைத் தொட்டேன்னா விரல் நுனியில இறங்கும். நம்ம ஊரு காத்து எவ்வளவு காய்ஞ்ச காத்துன்னு உனக்குத் தெரியாதா? வெறுங்கால்னா ஏறினது ஏறினபடி மண்ணுக்குப் போயிரும்" என்றான்.

மழை குறைந்த வறண்ட பூமி என்பதால்தான் பட்டாசுத் தொழில் இங்கே வேர் பிடித்தது. அதே வறட்சிதான் உடம்பில் மின்சாரம் தங்குவதற்கும் வசதி. சுகமும் ஆபத்தும் ஒரே காற்றில் வருகின்றன. ஷூவைக் கழற்றினேன். அவனும் கழற்றினான். எங்களுக்குப் பின்னால் வந்த ஆலை முதலாளியின் மகனும் பேசாமல் கழற்றி வைத்தார்.

அப்போது அவன் தரையில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டே, "இங்கே எல்லாரும்தான் கழற்றணும். அதனால இது எனக்குக் கஷ்டமாப் படலை" என்றான்.

ஒரு கணம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. "அன்னிக்குப் பொங்கலுக்கு வந்தப்போ..." என்று தொடங்கினேன்.

"உன் ஷூ கடிச்சுது. என் ஷூ கடிக்கவே இல்லடா" என்றான்.

அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? ஜோடு அணியும் உரிமைக்காக என் முன்னோர் பட்ட பாட்டைப் பெருமையோடு சொல்லித் திரிந்த நான், பக்கத்தில் வெறுங்காலோடு நடந்தவனிடம் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்று அந்தத் தெருவில் நானும் கழற்றியிருக்கலாம். அல்லது அவனைப் போடச் சொல்லிக் கூடவே நடந்திருக்கலாம். இரண்டும் தோன்றவில்லை.

இனி, என் கால் ஏன் கடிபட்டது என்ற கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் ஜோட்டின் அளவு ஆங்கிலேயர் கொடுத்த அளவு. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு பார்லி மணியின் நீளம். நீளம் மட்டுமே கணக்கு, அகலத்தைக் கேட்பாரில்லை. சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம் பாதம் அகலமானது என்று தெரிந்தது. அகலம் போதாமல் ஒரு எண் பெரிதாக வாங்கினால் குதிகால் ஆடுகிறது. சரியான எண் வாங்கினால் விரல் நசுங்குகிறது. இந்திய அளவுக்கு 'பா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். என் சுண்டுவிரலுக்கு அறுபது வருஷம் தாமதமாகக் கிடைத்த நியாயம்!

டென்னிஸுக்கு இது இன்னும் முக்கியம். ஓட்டக்காரனின் கால் முன்னோக்கி மட்டும் போகிறது. டென்னிஸ்காரனின் கால் பக்கவாட்டில் பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்ப வேண்டும். 1960-இலும் 1961-இலும் கிருஷ்ணனை அரை இறுதியில் வென்ற ஃப்ரேசரும் லேவரும்தான் அந்தந்த வருஷம் பட்டம் பெற்றார்கள். 1962-இல் கிருஷ்ணனுக்குத் தரவரிசையில் நான்காம் இடம் கொடுத்திருந்தார்கள். அவருக்கு அங்கே கிடைத்த மிக உயர்ந்த இடம் அதுதான். ஆனால் கணுக்கால் காயத்தால் பாதியில் விலக நேர்ந்தது. ஒரு நாட்டின் நம்பிக்கை முழுவதும் சில சமயம் ஒரு கணுக்காலில் நிற்கிறது.

ஆகவே பேரனுக்கு நான் சொன்ன முறை இது. ஷூ வாங்க மாலையில் போக வேண்டும். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆடும்போது போடும் காலுறையையே போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பாதமும் பெரும்பாலும் ஒரே அளவாக இராது. பெரியதற்கே பொருத்தம் பார்க்க வேண்டும். நின்றபடி விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். குதிப்பக்கத்தை அழுத்தினால் எளிதில் மடங்கக் கூடாது. ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் அல்ல. ஈரத் துண்டைப் போல முறுக்கிப் பார்த்தால் எதிர்த்து நிற்க வேண்டும். கடைசியாகப் பக்கவாட்டில் ஓடி நிற்கும்போது, பாதம் அடித்தட்டின் விளிம்பைத் தாண்டிச் சரியக் கூடாது.

பேரன் வெட்கத்தை விட்டு ஓடினான். மூன்றாவது ஓட்டத்தில் நின்று, "தாத்தா, சுண்டுவிரல் இடிக்குது" என்றான். கடைக்காரர் வேறு பெட்டி எடுத்தார். நாலாவது ஜோடி பொருந்தியது; நிறம் மட்டும் அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் தோழனுக்கு டெலிபோன் செய்தேன். அவன் பேத்தியும் பள்ளியில் டென்னிஸ் ஆடுகிறாளாம். ஷூ வாங்கிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

"வாங்கிட்டா. வீட்டு வாசல்லேயே போட்டுக்கிட்டுப் பெரிய தெரு வழியாத்தான் பஸ்ஸுக்குப் போறா" என்றான்.

"கடிக்குதாமா?"

"லேசாக் கடிக்குதாம். மாத்தித் தரச் சொல்லி இன்னிக்குச் சாயங்காலம் கடைக்காரரோட சண்டை போடப் போறா" என்று சொல்லிச் சிரித்தான்.