ஊசியை ஏற்றோம், அறிவுரையை ஏற்கவில்லை



கொரோனா காலத்தில் விசுவமடுவில் நாங்கள் போட்டுக்கொண்ட தடுப்பூசிகள் பிறநாடுகளில் இருந்து வந்தவை. 2021 ஜனவரி 28 இல் இந்தியா 5 இலட்சம் டோஸ் அன்பளிப்பாகத் தந்தது. மார்ச்சில் கோவெக்ஸ் திட்டத்தில் 264,000 டோஸ் வந்தது. அதே மாதக் கடைசியில் சீனா 6 இலட்சம் கொடுத்தது. இரண்டாவது ஊசிக்குக் காத்திருந்தவர்களுக்கு யப்பான் கைகொடுத்தது. இந்த நன்றியை மறக்கக்கூடாது.

ஆனால் உலகம் ஊசிக்கு முன்பே அறிவுரையும் தந்தது. கொரோனாவில் இறந்தவரை அடக்கலாம், எரிக்கலாம் என்று 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. எங்கள் அரசு கேட்கவில்லை. ஏப்ரல் 11 வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். பிறந்து 20 நாளான குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது.

2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது. முதலில் காட்டிய இடம் பக்கத்து மாவட்டமான கிளிநொச்சியின் இரணைதீவு. 1992 இல் இடம்பெயர்ந்து 2018 இல்தான் ஊர் திரும்பிய கடற்றொழிலாளர்கள் எதிர்த்தார்கள். அந்தப் பயம் வன்னியில் வாழும் எங்களுக்கு விளங்கும். இரு சமூகங்களையும் மோதவிடக்கூடிய முடிவு அது. அல்ஹம்துலில்லாஹ், மோதல் வரவில்லை. மார்ச் 5 இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. 2025 மே மாதம் உலக நாடுகள் பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றன. அடுத்த நோய்க்கு மருந்து வேகமாக வரலாம். இறந்தவரின் கண்ணியத்தைக் காப்பது எந்தக் கப்பலிலும் வராது. அதை நாங்கள்தான் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடுப்போம்.