இளவறுப்பும் சிக்கரியும்: நம்ம காபி எப்படிக் கறுத்தது?

"லைட் ரோஸ்ட்" என்று அச்சடித்த காபித்தூள் பாக்கெட் இப்போது ஆன்லைனில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதை வாங்கி, வழக்கம்போல பில்டரில் போட்டு, பால் ஊற்றிக் குடித்துவிட்டு, "என்னங்க இது, புளிக்குது" என்று மூலையில் வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நம்ம பாரம்பரியக் காபி இப்படி இருக்காது, கெட்டியா, கறுப்பா, ஒரு கசப்போட இருக்கும். அந்தப் "பாரம்பரியம்" என்ற சொல்தான் என்னை உறுத்தியது. எத்தனை வருஷத்துப் பாரம்பரியம் அது? அதைத் தேடிப் படித்தபோது எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்திருக்கிறேன்.

முதலில் வறுப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். விருத்தாசலத்துக்காரனுக்கு இது சுலபமாகப் புரியும். எங்கள் ஊர் செராமிக் சூளைகளில் பியூஸ் கட்டை, அகல்விளக்கு, கொலு பொம்மை எல்லாம் வேகும்போது வெறும் டிகிரிக் கணக்கு மட்டும் போதாது. எத்தனை நேரம் அந்தச் சூட்டில் நின்றது என்பதும் முக்கியம். அதற்காகத்தான் 1886இல் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் என்பவர் கூம்புகளைச் செய்தார். சூளைக்குள் வைத்த கூம்பு தலை சாய்ந்தால் பதம் வந்தது என்று அர்த்தம். வெப்பமானி சூட்டை மட்டும் சொல்லும். கூம்பு சூடும் நேரமும் சேர்ந்து செய்த வேலையைச் சொல்லும்.

காபிக்கொட்டையும் அப்படித்தான். பச்சைக்கொட்டையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஈரம் இருக்கும். உருளையில் சுற்றச் சுற்ற அது மஞ்சளாகி, பிறகு லவங்கப்பட்டை நிறத்துக்கு வரும். சுமார் 196 டிகிரி செல்சியஸில் சோளப்பொரி மாதிரி "பட் பட்" என்று முதல் வெடிப்பு கேட்கும். அது முடிந்த கையோடு இறக்கினால் இளவறுப்பு. 224 டிகிரியை நெருங்கும்போது மெல்லிய சத்தத்தோடு இரண்டாவது வெடிப்பு வரும். அதைத் தாண்டினால் கொட்டை மேல் எண்ணெய் கசியும், முதுவறுப்பு. இளவறுப்பில் மலையின் ருசி இருக்கும், முதுவறுப்பில் அடுப்பின் ருசி இருக்கும் என்று சுருக்கமாகச் சொல்லலாம். "கறுத்த காபியில்தான் காபீன் அதிகம்" என்பது பொதுவான நம்பிக்கை. வறுப்பில் காபீன் பெரிதாகக் கூடுவதோ குறைவதோ இல்லை. மாறுவது அமிலங்களும் மணமும்தான்.

இனி வரலாறு. பாபா பூதன் ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்த கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நம் பக்கம் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபி வைத்தார். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து சேலத்துக்குத் தனிப்பாதையே போகிறது. ஏற்காடு எங்களுக்குத் தூரத்து மலை இல்லை. நீலகிரி, பழனி மலைகளிலும் காபி பரவியது. ஆனால் விளைந்தது கப்பலேறத்தானே தவிர நாம் குடிக்க இல்லை. கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கைக் காபித் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்கள் காட்டுவழி நடந்து செத்தது தனிக்கதை. 1869இல் அங்கே இலைத்துரு நோய் வந்து, இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காபியே அழிந்து தேயிலைக்கு மாறியது.

தமிழ் வீட்டுக்குள் காபி பரவலாக நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஆ. இரா. வேங்கடாசலபதியின் "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" கட்டுரையைப் படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். நீராகாரமும் பழையசோறும் இருந்த காலையில் காபி எப்படி வந்து உட்கார்ந்தது, அது எப்படி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண வீடுகளின் அடையாளமானது என்பதை அதில் விரிவாகக் காட்டுகிறார். காபியின் பின்னால் சாதி இருந்தது. ஓட்டல் பலகைகளில் "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் இயக்கத்தினர் போராடிக் கைதானார்கள். "நல்ல காபி" என்று யார் எதைச் சொன்னார்கள் என்று கேட்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

அந்த வீடுகளில் வறுப்பு எப்படி இருந்தது? பச்சைக்கொட்டை வாங்கி, கரியடுப்பில் வறுத்து, கையால் சுற்றும் மிஷினில் அன்றன்றைக்கு அரைப்பதுதான் வழக்கம். ஆர்.கே. நாராயண் தன் அமெரிக்கப் பயண நூலான "மை டேட்லெஸ் டைரி"யில் தன் அம்மா காபி வறுக்கும் விதத்தை விவரிக்கிறார். கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கி, நிதானமான கரித்தணலில் வறுத்து, வறுகலனிலிருந்து கசியும் புகையை வைத்தே பதம் சொல்வாராம். இது புத்தகம் படித்து வந்த அறிவு இல்லை. எங்கள் சூளைக்காரர் கூம்பைப் பார்க்கிற மாதிரிதான். கரித்தணலில் மெதுவாக வறுக்கும் வீட்டுக்காபி எண்ணெய் கசியுமளவு கறுத்திருக்க வாய்ப்பு குறைவு என்பது என் கணிப்பு. இன்றைக்கும் ஊர்க் காபிக்கடையில் உருளையிலிருந்து கொட்டும் கொட்டையைப் பாருங்கள்: நடுத்தரப் பழுப்புதான். அப்புறம் டிகாக்ஷன் ஏன் அவ்வளவு கறுப்பு?

சிக்கரி! அது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்துக் கலப்பது. நெப்போலியன் 1806இல் பிரிட்டனோடு வணிகத்தைத் தடைசெய்தபோது காபி கிடைக்காமல் பிரெஞ்சுக்காரர்கள் பெருமளவில் பிடித்துக்கொண்ட வழி. இங்கே இப்போது அது குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. கறுப்பு நிறம், கொழகொழப்பு, ஒரு தித்திப்பு கலந்த கசப்பு எல்லாம் தரும், விலையும் குறைவு. காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு கலந்தது என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். அதாவது 49 வரை வேர் இருக்கலாம்! அடுத்த முறை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.

சிக்கரியை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. என்ன கொட்டை நமக்குக் கிடைத்தது என்பதும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும் 1940இல் காபிச் சந்தை விரிவாக்க வாரியம் வந்தது, 1942இல் சட்டமானது. அதுதான் காபி போர்டு. விவசாயி தன் விளைச்சலை வாரியத்தின் பொதுக்குவியலில் ஒப்படைக்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். விலை தரைமட்டமாகாமல் சிறு விவசாயியை அது காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த மலை, எந்தத் தோட்டம் என்ற அடையாளம் குவியலில் கரைந்துபோனது. மிஞ்சியது பிளான்டேஷன் ஏ, பீபெரி, ரோபஸ்டா செர்ரி என்ற தரப்பெயர்கள் மட்டும். இன்றும் கடையில் அந்தப் பெயர்களைத்தான் சொல்லிக் கேட்கிறோம்.

இளவறுப்புக்குக் கொட்டையின் பூர்வீகம் தெரிய வேண்டும், குறையும் இருக்கக் கூடாது. பழுக்காத காய், பூஞ்சை வாசம் எல்லாவற்றையும் முதுவறுப்பும் சிக்கரியும் பாலும் சர்க்கரையும் மூடிவிடும், இளவறுப்பு மூடாது. ஐம்பது வருஷம் கலவைக் கொட்டையில் ஓடிய நாட்டில் ருசி எந்தப் பக்கம் போகும்? 1990களின் தொடக்கத்தில் கட்டுப்பாடு தளர்ந்து 1996இல் விவசாயிகள் முழுக்கத் தாங்களே விற்கலாம் என்றானது. தோட்டத்தின் பெயர் போட்ட பாக்கெட் பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். 2010களில் தில்லியில் தொடங்கிய ப்ளூ டோக்காய் கம்பெனியின் பெயரில் இருப்பது மயில் தோகை, நம்ம "தோகை"தான்.

ஆக, என் பார்வையில் கறுத்த காபி பாட்டி கொடுத்த சொத்து என்பதைவிட போரும் விலையும் குவியலும் சேர்ந்து செய்தது. அதனால் அது மட்டம் என்று அர்த்தமில்லை. டபராவில் ஆற்றிக் குடிக்கும் 80:20 கலவை எனக்கும் காலையில் வேண்டும். சிக்கரி குடிப்பவனை ஏளனமாகப் பார்க்கும் புதிய காபி ரசிகர்களிடம் எனக்குப் பழைய ஓட்டல் பலகையின் வாசனை அடிக்கிறது.

சரி, இளவறுப்புத் தூள் வாங்கித்தான் பார்ப்போம் என்பவர்களுக்கு. வறுத்த தேதி போடாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். காலாவதி தேதி வேறு, வறுத்த தேதி வேறு. தூளாக வாங்கினால் நூறு கிராமுக்கு மேல் வேண்டாம், அரைத்த காபியின் மணம் சில நாளிலேயே இறங்கத் தொடங்கும். சிக்கரி இல்லாததாகப் பாருங்கள். ஏற்காடு, பழனி மலை என்று இடம் போட்டிருந்தால் நல்லது.

போடும்போது நம்ம பில்டரே போதும், ஆனால் கணக்கு மாறும். இளவறுத்த கொட்டை கெட்டி, சத்து சுலபத்தில் இறங்காது. பில்டரின் மேல்பாகத்தை வெந்நீரில் அலசிச் சூடாக்கி, 20 கிராம் தூளைப் போட்டு, தட்டால் அழுத்தாமல், கொதித்து இறக்கிய தண்ணீரைக் கொஞ்சமாக விட்டு அரை நிமிஷம் ஊறவிடுங்கள். பிறகு மொத்தம் 300 மில்லி வரை சிறுகச் சிறுக ஊற்றுங்கள். தண்ணீர் ஆறிப்போயிருந்தால்தான் அந்த வெறும் புளிப்பு வரும். பால் வேண்டாம், அந்த மென்மையான மணத்தைப் பால் அமுக்கிவிடும்.

இன்னொன்று: ஈயம் தேய்ந்த பித்தளை டம்ளரில் ஊற்றாதீர்கள். அமிலம் கூடிய பானம் பித்தளையைக் கடிக்கும், உலோக வாடை ஏறும். கிளேஸ் போட்ட பீங்கான் எதோடும் ஒட்டாது, உறவாடாது. ஆயிரத்து இருநூறு டிகிரியைப் பார்த்து வந்ததற்கு இந்தச் சூடெல்லாம் ஒரு பொருட்டா? எங்கள் ஊர்க் கடையில் வாங்கின கைப்பிடி இல்லாத வெள்ளைக் கிண்ணம் ஒன்றில்தான் நான் குடிக்கிறேன். முதல் வாயைச் சுடச்சுட வேண்டாம், கொஞ்சம் ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். பழவாசம் அப்போதுதான் மேலே வரும்.