ஒரு கதை, இரு சிரிப்பு

அழுகைக்கு மொழி வேண்டா என்பர். சிரிப்புக்கும் மொழி வேண்டா என்று சிலர் அதனோடு சேர்த்துச் சொல்வதுண்டு. முன்னதை நாம் ஒப்புகிறோம். பின்னதை ஒப்புவதற்குச் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழராகிய நமக்குத் தயக்கம் உண்டு. வீட்டுக்குள் தமிழும், வாயிற்படியைத் தாண்டினால் தெலுங்குமாக வாழ்கின்ற நாம், ஒரே செய்திக்கு ஒரு மொழியில் விலா நோகச் சிரித்துவிட்டு, மறு மொழியில் அதனையே கேட்டு வாளா இருந்த அனுபவம் உடையவர்கள். அந்த அனுபவத்தின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தது. வட ஆர்க்காட்டுத் தாலுக்காக்களும் கடப்பைப் பக்கத்துத் தாலுக்காக்களும் அதில் ஒன்றாயின. 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் பிறந்தது. வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின் 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு பலமுறை நகர்ந்தும் இடம் பெயராத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பணியும் வாணிகமும் கருதிப் பின்னர் வந்தேறியவர்களும் உண்டு. இரு சாராரும் படக்கொட்டகையில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்களே.

அந்நாளில் தெலுங்குப் படங்கள் பலவும் சென்னையிலேயே உருவாயின. ஒரே நிலையத்தார் ஒரே கதையை ஒரே சமயத்தில் இரு மொழிகளிலும் எடுப்பது வழக்கமாக இருந்தது. விஜயா நிறுவனத்தின் நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1955 பொங்கலை ஒட்டி வெளியிட்ட ‘மிஸ்ஸம்மா’வும் ‘மிஸ்ஸியம்மா’வும் அத்தகையவை. கணவனும் மனைவியுமாக ஆசிரியர் இருவர் வேண்டும் என்று கேட்கும் ஒரு பள்ளியில், மணமாகாத இளைஞன் ஒருவனும் கிறிஸ்தவ மங்கை ஒருத்தியும் தம்பதிகளாக நடித்து வேலைக்குச் சேர்கின்றனர். மூலக்கதை வங்காளத்தது. இயக்கியவர் எல்.வி. பிரசாத். இரண்டிலும் நாயகி சாவித்திரி; ஜமீன்தார் எஸ்.வி. ரங்காராவ், அவர் மகள் ஜமுனா. நாயகன் மட்டும் தெலுங்கில் என்.டி. ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன். இதற்கு வாணிகக் காரணம் எளிது: ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் நாயகன் தேவை.

நம் கவனத்துக்கு உரியவர் நான்காமவர். காணாமற்போன பெண்ணைக் காலிலுள்ள மச்சத்தைக் கொண்டு கண்டுபிடிக்கப் புறப்படும் துப்பறியும் இளைஞன் வேடம் அது. தெலுங்கில் அதனை ஏற்றவர் அக்கினேனி நாகேசுவரராவ். ‘தேவதாசு’ 1953-இல் அவரைத் துயர நாயகனாக்கியிருந்தது. அந்த முத்திரை ஒட்டிக்கொள்ளாதிருக்கவே இச்சிரிப்பு வேடத்தை அவர் விரும்பி ஏற்றார் என்பது அறிந்த செய்தி. தமிழிலோ அவ்வேடம் கே.ஏ. தங்கவேலுவுக்குச் சென்றது. ஆகவே கதை ஒன்றாயினும் சிரிப்பு இரண்டாயிற்று. தெலுங்கில், அழகிய இளைஞன் ஒருவன் அசட்டுத்தனம் செய்கிறானே என்று சிரிக்கிறோம். தமிழில், தங்கவேலு வாய் திறக்குமுன்னரே கொட்டகை சிரிக்கத் தயாராகிவிடுகிறது. சொல்லை இழுத்து, நிறுத்தி, எதிராளியின் பேச்சிடையே புகுந்து அவர் ஆடும் ஆட்டம் முழுவதும் நாவின் ஆட்டம். ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் எழுத்தாளர் பைரவனாக அவர் மனைவியிடம் அளக்கும் பொய்களை நினைத்துப் பார்த்தால் நாம் சொல்வது விளங்கும். துப்பறிபவரைப் பொறுத்தவரை நம் வாக்கு தங்கவேலுவுக்கே. இதில் தமிழ்ப் பற்று சிறிது கலந்திருக்கக் கூடும் என்று வாசகர் கருதினால் மறுக்கமாட்டோம்.

அடுத்த ஆண்டு, 1956-இல், பி.எஸ். ரங்கா தெனாலிராமன் கதையை இரு மொழிகளிலும் எடுத்தார். திருமலைக் கோயிலில் தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயர் சிலையைக் காணாதவர் நம்மில் இல்லை. அவருடைய அவையின் விகடகவியைப் பற்றிய படம் என்றால் நமக்கு அது ஊர்க்கதை போன்றதே. இரண்டு படங்களிலும் ராயராக வீற்றிருந்தவர் என்.டி. ராமராவ்தான். விகடகவியோ தெலுங்கில் நாகேசுவரராவ், தமிழில் சிவாஜி கணேசன். அரசர் ஒருவரே இரு மொழி மக்களையும் ஆளலாம். இரு மொழி மக்களையும் சிரிக்கவைக்க இரண்டு ராமன்கள் வேண்டியிருந்தது!

1957-இல் வந்த ‘மாயாபஜார்’ இதனை மேலும் தெளிவாக்குகிறது. கே.வி. ரெட்டி இயக்கிய அப்படத்தில் கண்ணன் (ராமராவ்), கடோற்கசன் (ரங்காராவ்), மணமகள் (சாவித்திரி) மூவரும் இரு மொழிகளிலும் மாறவில்லை. துரியோதனன் மகன் இலக்கணகுமாரன் மட்டும் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு. இங்கே நாம் கட்சி மாறுகிறோம். தன் அழகைத் தானே வியந்து கொள்ளும் அந்த அசட்டு இளவரசனுக்கு ரேலங்கியின் முகமே போதும். சொல் அதிகம் தேவையில்லை. தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடமையையும் கூறினார். தங்கவேலு எள்ளலில் வல்லவர். ரேலங்கி மடமையில் வல்லவர். 1970-இல் பத்மஸ்ரீ விருது ரேலங்கியை நாடி வந்தது பொருத்தமே.

மாயாபஜாரில் ஒரு விதிவிலக்கும் உண்டு. கடோற்கசன் கல்யாண விருந்தைத் தனியே உண்டு தீர்க்கும் காட்சி, தமிழர் தெலுங்கர் இருவரையும் ஒருசேரச் சிரிக்க வைத்தது, இன்றும் வைக்கிறது. தமிழில் பாடியவர் திருச்சி லோகநாதன், தெலுங்கில் மாதவபெத்தி சத்தியம், உண்டவர் ஒருவரே. வயிற்றின் சிரிப்பு எல்லை கடக்கிறது. வாயின் சிரிப்புத்தான் சோதனைச் சாவடியில் நின்றுவிடுகிறது. ‘மிஸ்டர் பீன்’ என்னும் பிரிட்டிஷ் தொடரின் நாயகன் பெரும்பாலும் வாய் திறவாதவன். அவனை நம் குடியிருப்புப் பிள்ளைகள் எவ்வித உதவியுமின்றி அனுபவிப்பதற்கும் இதுவே காரணம்.

பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே மொழியைப் பேசுபவை அன்றோ? அங்கும் இந்த வேடிக்கை நடந்திருக்கிறது. பழைய சாமான் வாங்கி விற்கும் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியவும் முடியாமல், சேர்ந்து வாழவும் முடியாமல் தவிக்கும் ‘ஸ்டெப்டோ அண்ட் சன்’ என்ற தொடரை பி.பி.சி. 1962-இல் தொடங்கிற்று. அமெரிக்கர் அதனை அப்படியே வாங்கி ஒளிபரப்பியிருக்கலாம். ஆனால் 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கதையாக மாற்றி, ‘சான்ஃபர்ட் அண்ட் சன்’ என்று புதிதாக எடுத்தனர். ‘தி ஆபீஸ்’ தொடரின் கதையும் அதுவே. 2001-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர் 14 பகுதிகளில் முடிந்தது. 2005-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர், முதற் பகுதியை ஏறக்குறைய பிரிட்டிஷ் வசனத்தைக் கொண்டே எடுத்தது. ஆனால் இரண்டாம் ஆண்டுமுதல் அந்த அலுவலகத் தலைவரைச் சற்றே இளகிய நெஞ்சினராக்கி, 2013 வரை 201 பகுதிகள் நடத்தியது. தோற்றுப்போன மனிதனைத் தோற்றவனாகவே விட்டுவிட்டுச் சிரிப்பது பிரிட்டிஷ் இயல்பு. வாரந்தோறும் வீட்டுக்கு வருகிறவனை நேசித்தாக வேண்டும் என்பது அமெரிக்க இயல்பு. நம் மனம் முன்னதை நாடுகிறது. நம் பிள்ளைகள் பின்னதையே விரும்புகின்றனர். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

‘ஃபால்டி டவர்ஸ்’ என்பது விடுதி நடத்தத் தெரியாத ஒருவர் விடுதி நடத்தும் கதை. 1975-இல் ஆறும் 1979-இல் ஆறுமாகப் பன்னிரண்டே பகுதிகள். அதில் மொழி புரியாமல் விழிக்கும் பணியாள் ஸ்பெயின் நாட்டவன். அத்தொடர் ஸ்பெயினுக்கே சென்றபோது அவனை இத்தாலியனாக மாற்றிவிட்டார்கள்! தெலுங்கிலும் உணவு விடுதிக் கதை ஒன்று உண்டு. 2001 முதல் 2007 வரை ஜெமினி தொலைக்காட்சியில் 300 பகுதிகளுக்கு மேல் ஓடிய குண்ணம் கங்கராஜுவின் ‘அம்ருதம்’ அது. நாயகன் அம்ருதமாக அடுத்தடுத்து மூவர் நடித்தனர். அவன் தோழன் ஆஞ்சநேயுலு மட்டும் குண்டு ஹனுமந்தராவாகவே இருந்தார். நாயகனை மாற்றலாம், சிரிப்பூட்டுபவரை மாற்றலாகாது என்பதற்கு இஃது இன்னொரு சான்று.

சிரிப்பு ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒரே மண்ணில் நிற்கிறது? கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கே அது முழுச் சிரிப்பைத் தரும். தில்லையைக் காணத் துடித்த நந்தனின் இடத்தில், பள்ளிக்கூடம் செல்லத் துடிக்கும் கிந்தனை வைத்ததுதான் அதன் நயம். நந்தனை அறியாதவர்க்குக் கிந்தன் வெறும் பெயர். அவ்வாறே, 1892-இல் முதன்முதல் மேடையேறிய குரஜாடா அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’ நாடகத்தில், அரைகுறை ஆங்கிலத்தால் ஊரை ஏய்க்கும் கிரீசத்தைத் தெலுங்கர் பெயர் சொன்ன மாத்திரத்தில் புன்னகைப்பர். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) தெலுங்கிலும் பேசியது. ஆயினும் சமையற்காரன் காமேசுவரனுக்குக் கிரேசி மோகன் எழுதிக் கொடுத்த பாலக்காட்டுத் தமிழை எந்த மொழியில் பெயர்ப்பது?

இவற்றை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். சோறு கேட்கவும் சண்டையிடவும் அத்தமிழ் போதுமானதாக இருக்கிறது. ஆனால் தாத்தா தங்கவேலுவுக்குச் சிரிக்கும்போது, பேரன் அவர் முகத்தைப் பார்த்து, “எதுக்குத் தாத்தா சிரிக்கிறே?” என்று கேட்கிறான். அதே பேரன் ‘ஜபர்தஸ்த்’ நிகழ்ச்சிக்கு உருண்டு புரண்டு சிரிக்கிறான். அவனுடைய பாட்டியும், நாற்பதாண்டு அக்கம்பக்கத்துப் பழக்கத்தால், உடன் சிரிக்கிறாள். அந்தப் பாட்டிக்கு இரண்டு சிரிப்பும் சொந்தம். பேரனுக்கு இப்போதைக்கு ஒன்று. நகைச்சுவையை விளக்கிக் கூறினால் அது செத்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் நந்தனார் கதையை முதல் நாள் சொல்லிவிட்டு, மறுநாள் கிந்தனாரைப் போட்டுக் காட்டலாம். அதில் விளக்கம் ஒன்றும் இல்லை. இரண்டு கதைகள், அவ்வளவே.

அதற்குப் பொறுமை இல்லாத குடும்பங்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. மிஸ்ஸம்மாவையும் மிஸ்ஸியம்மாவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மாலையிலுமாக வீட்டார் அனைவரும் கூடிக் காணலாம். கதையை இருமுறை தொடர்ந்து பின்பற்ற வேண்டிய அவசியமில்லை; காலையில் அறிந்ததே மாலையிலும் வரும். துப்பறிபவர் தோன்றும் காட்சிகளில் மட்டும் திரையை விட்டு வீட்டாரின் முகங்களைக் கவனியுங்கள். யார் காலையில் சிரித்தார், யார் மாலையில் சிரித்தார், யார் இரு வேளையும் சிரித்தார் என்று குறித்துவைத்து அடுத்த ஆண்டு விழாவில் நம்மிடம் கூறுவீர்களாக.