சொல்லப்படாத நோய்

நோயாளியிடம் உண்மையை மறைப்பதே பரிவு என மருத்துவம் நெடுங்காலம் கருதிற்று. 1961இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் சுமார் 90 விழுக்காடு மருத்துவர்கள் புற்றுநோயைச் சொல்லாதிருக்கவே விரும்பினர். 1979ஆம் ஆண்டின் ஆய்வில் 97 விழுக்காட்டினர் சொல்லவே விரும்பினர். 2000இல் வெளியான ‘ஸ்பைக்ஸ்’ என்னும் ஆறுபடி முறை, சொல்லும் விதத்தைப் பயிற்றுவிக்கத்தக்க திறனாக்கியது. நோயாளி அறிந்தது என்ன, அறிய விரும்புவது எவ்வளவு என்று கேட்ட பின்னரே செய்தியைச் சொல்லவேண்டும் என்கிறது அது.

கேரளத்தில், நோயாளியோடு அமர்ந்து பேசுவதையும் சிகிச்சையாகக் கொண்ட வலிதணிப்பு இயக்கம் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கி, 2008இல் மாநிலக் கொள்கையாயிற்று. 2019 முதல் இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் உரையாடற்பயிற்சி இடம்பெற்றது.

மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டுச் சித்தூரிலும் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்கின்றனர். அக்கேள்விகள் அவர்தம் மொழியில் கேட்கப்படாவிடில், உண்மை மலையாளம் அறிந்த உறவினரின் காதோடு நின்றுவிடும்.